முதல் மேற்கத்திய வேட்டை: எல்க்கா, புரோங்ஹார்னா?

டிசம்பர் பிறந்தால் போதும், தெரிந்தவர்களிடமிருந்து ஒரே கேள்வி. "அடுத்த வருஷம் எல்க் வேட்டைக்குப் போகலாம்னு இருக்கோம். கொலராடோவா, வயோமிங்கா?" எல்க் என்பது மேற்கு அமெரிக்க மலைகளில் திரியும் பெரிய மான். கேட்பவர் என்னைப்போல் டெக்சஸில் குடியிருப்பவராக இருப்பார். வேலி போட்ட பண்ணையில் இரண்டு வெள்ளைவால் மானோ நாலு காட்டுப்பன்றியோ சுட்டிருப்பார், அல்லது துப்பாக்கிப் பயிற்சிக் களத்தைத் தாண்டியே இருக்கமாட்டார். என் பதில் அவருக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும். முதல் வருஷம் எல்க் வேண்டாம். வயோமிங்கில் புரோங்ஹார்னுக்குப் போங்கள்; மான்போல் இருக்கும் சிறிய சமவெளி விலங்கு அது. எல்க்குக்குப் பாயின்ட் (அனுமதிக் குலுக்கலில் முன்னுரிமைக்காக வருஷத்துக்கு ஒன்றாகச் சேர்ப்பது) மட்டும் வாங்கி வையுங்கள்.

நான் இதைத் தலைகீழாகச் செய்தவன். முதல் வருஷமே கொலராடோவில் எல்க். ஆறு நாள், பத்தாயிரம் அடி உயரம், இரண்டு நாள் தீராத தலைவலி. பார்த்த எல்க்கின் எண்ணிக்கை சுழியம். ஆரஞ்சுச் சட்டை போட்ட மற்ற வேட்டைக்காரர்களைத்தான் நிறையப் பார்த்தேன்.

விலையில் தொடங்குவோம். மேற்கு மாநிலங்களில் ஒரு பெரிய பரப்பு மத்திய அரசின் நிலம். ஒரு பங்கு வனத்துறையிடம், இன்னொரு பங்கு பி.எல்.எம். எனப்படும் நில நிர்வாகத் துறையிடம். அங்கே கூடாரம் போட டல்லாஸ்காரருக்கும் வயோமிங்கின் காஸ்பர்காரருக்கும் ஒரே உரிமைதான். ஆனால் அந்த நிலத்தில் மேயும் மான் மாநிலத்தின் பொறுப்பில் இருக்கிறது. யாருக்கு எத்தனை டேக் (ஒரு விலங்கைச் சுடுவதற்கான அனுமதிச் சீட்டு), என்ன விலைக்கு என்பதை மாநிலம்தான் தீர்மானிக்கும். வயோமிங்வாசி எல்க் டேக்குக்கு 57 டாலர் கட்டினால் வெளிமாநிலத்தவர் 692 டாலர் கட்டவேண்டும். அநியாயம் என்று முதலில் கொதிப்போம். மாநில வேட்டைத் துறையின் உரிம வருமானத்தில் பெரும்பங்கு நம்மைப்போன்ற வெளியாட்களின் பணம்தான் என்று தெரிந்தபின் கோபம் கொஞ்சம் ஆறும். கொஞ்சம்தான்.

டேக் கிடைக்கும் வழி இரண்டு. ஒன்று, கடைக்குப் போய் நேரடியாக வாங்குவது. இது வருஷத்துக்கு வருஷம் சுருங்கிக்கொண்டே வருகிறது. மற்றது குலுக்கல். குலுக்கலிலும் மாநிலத்துக்கு மாநிலம் முறை வேறு. கொலராடோவின் பாயின்ட் ரேஷன் கடை வரிசை மாதிரி: யார் அதிக வருஷம் நின்றாரோ அவருக்கு முதலில். நெவாடா, அரிசோனா முறை குடவோலை மாதிரி: பாயின்ட் கூடக்கூடக் குடத்தில் உங்கள் பெயர் எழுதிய ஓலைகள் கூடும், ஆனால் எந்த ஓலை கைக்கு வரும் என்பது அதிர்ஷ்டம். நெவாடாவில் பாயின்ட் எண்ணிக்கையை அதே எண்ணால் பெருக்கி ஒன்றைக் கூட்டுவார்கள். மூன்று பாயின்ட் இருந்தால் பத்து ஓலை. வயோமிங் இரண்டையும் கலந்து வைத்திருக்கிறது: முக்கால் பங்கு டேக் பாயின்ட் அதிகமுள்ளவருக்கு, கால் பங்கு யாருக்கு வேண்டுமானாலும். ஐடஹோவிலும் நியூ மெக்சிகோவிலும் பாயின்ட்டே கிடையாது. முப்பது வருஷமாக எழுதிப் போடுகிறவரும் நேற்று வந்தவரும் சமம்.

வரிசை முறையில் ஒரு சங்கடம் உண்டு. நல்ல யூனிட் (மாநிலம் பிரித்துவைத்திருக்கும் வேட்டைப் பகுதி) ஒன்றுக்கு இன்று எட்டு பாயின்ட் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் எட்டு வருஷம் சேர்ப்பதற்குள் அது பன்னிரண்டாகியிருக்கும். உங்களுக்கு முன்னால் நிற்பவர்களும் சேர்த்துக்கொண்டேதானே இருக்கிறார்கள்? அதனால் கொலராடோவின் பேர்போன யூனிட்டுகளை நம்பி இப்போது பாயின்ட் சேர்க்கத் தொடங்குவது, என் கணக்கில், பேரனுக்குச் சேர்ப்பது. நடுத்தர யூனிட்டுக்கு மூன்று நான்கு வருஷம் சேர்ப்பது வேறு, அதில் தப்பில்லை.

இனி ஒவ்வொன்றாக.

கொலராடோவைத்தான் எல்லோரும் முதலில் கேட்பார்கள், காரணமும் இருக்கிறது. உலகில் வேறெந்த மாநிலத்தையும்விட அங்கே எல்க் அதிகம், ஏறக்குறைய 2,80,000. அதைவிடப் பெரிய ஈர்ப்பு, பாயின்ட் எதுவும் இல்லாமல் டேக் வாங்க முடிவது. 2025 நிலவரப்படி இரண்டாவது, மூன்றாவது ரைஃபிள் சீசன்களுக்கு ஆண் எல்க் டேக் பல யூனிட்டுகளில் எண்ணிக்கை வரம்பின்றிக் கிடைக்கிறது. விலை 800 டாலருக்குக் கொஞ்சம் மேல். அதோடு காட்டுயிர் வாழிட முத்திரை என்ற உதிரிக் கட்டணம். வில் வேட்டைக்கு இருந்த அதே வசதியை வெளிமாநிலத்தவருக்கு 2025 முதல் நிறுத்திக் குலுக்கலுக்கு மாற்றிவிட்டார்கள். செப்டம்பரில் ஆண் எல்க் குரலெழுப்பும் காலத்தில் வில்லோடு போகலாம் என்று பழைய யூட்யூப் வீடியோவை நம்பித் திட்டம் போடுகிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

சரி, வரம்பில்லாத டேக் என்றால் என்ன? மனிதக் கூட்டத்துக்கும் வரம்பில்லை என்றுதான் அர்த்தம். கொலராடோவில் எல்லா எல்க் வேட்டைகளையும் சேர்த்துப் பார்த்தால் ஐந்து பேரில் ஒருவர்தான் கறியோடு திரும்புகிறார். யார் வேண்டுமானாலும் வாங்கக்கூடிய டேக்கில் அது இன்னும் குறையும். கொம்பில் ஒரு பக்கம் நான்கு கிளை, அல்லது நெற்றிக் கிளை ஐந்து அங்குலம் இருந்தால்தான் சுடலாம் என்ற விதியும் பெரும்பாலான இடங்களில் உண்டு. அந்தி வெளிச்சத்தில், 250 கஜத்தில், மரங்களுக்கிடையே அசையும் தலையில் கிளை எண்ணுவது முதல்முறை போகிறவருக்குப் பெரிய பாடு.

அப்புறம் சுட்டபின் என்ன நடக்கிறது என்பதை யாரும் சொல்வதில்லை. எங்கள் குழுவில் ஒருவருக்கு மூன்றாவது வருஷம் ஒரு எல்க் வாய்த்தது. வண்டியிலிருந்து இரண்டரை மைல், மாலை நாலரை மணி. உயிரோடு முந்நூறு கிலோவைத் தொடும் விலங்கு அது, நம் ஊர் மிளாவுக்குப் பெரிய அண்ணன். தோலை ஒரு பக்கமாக உரித்து, குடலைத் திறக்காமலே பின்தொடைகளையும் முன்சப்பைகளையும் கழற்றி, முதுகுக்கறியை நீளவாக்கில் அறுத்தெடுத்துத் துணிப்பைகளில் போட்டோம். ஒரு பின்தொடை எலும்போடு இருபத்தைந்து கிலோவுக்கு மேல் இருந்தது. மூன்று பேர், ஆளுக்கு இரண்டு நடை. கடைசி நடை முடிந்தபோது மணி இரவு இரண்டு. தலைவிளக்கின் மங்கலான வெளிச்சத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தோம், பேசத் தெம்பில்லை. தனியாகப் போயிருந்தால் அந்தக் கறியில் பாதியாவது கெட்டிருக்கும். கறியை வீணாக்குவது மேற்கு மாநிலங்களில் குற்றமும்கூட.

வயோமிங் புரோங்ஹார்ன் இதற்கு நேர் எதிர். ஆங்கிலத்தில் அதை ஆன்டிலோப் என்று அழைக்கிறார்களே தவிர அது ஆன்டிலோப் இல்லை. உறவு முறை பார்த்தால் ஒட்டகச்சிவிங்கிக்குத்தான் பக்கம். பார்வைக்கு நம் வெளிமானை நினைவூட்டும். மணிக்கு 55 மைல் வேகம் ஓடும், ஆனால் முள்வேலியைத் தாண்டாது. மண்டியிட்டு அடிக்கம்பிக்குக் கீழே நுழையும். முதல் தடவை பார்த்தபோது, இவ்வளவு ஓடுகிற மிருகத்துக்கு இது தெரியாதா என்று சிரிப்பு வந்தது. வேலிகள் வந்ததே நேற்றுத்தானே. தாண்டவேண்டிய தேவை அதற்கு இருந்ததில்லை.

முதல் வேட்டைக்கு இது ஏற்றது என்று நான் சொல்லக் காரணம், கற்றுக்கொள்ளக் கிடைக்கும் வாய்ப்புகளின் எண்ணிக்கை. எல்க் வேட்டையில் ஒரு வாரத்துக்கு ஒரு சந்தர்ப்பம் கிடைத்தால் பெரிது. அதில் காற்றின் திசையைத் தவறவிட்டால் அடுத்த வருஷம்தான். புரோங்ஹார்ன் திறந்த வெளியில் கூட்டமாக நிற்கிறது. காலையில் ஒரு கூட்டத்திடம் தவழ்ந்து போய்ச் சொதப்பினால் பத்து மணிக்கு இன்னொன்று, மதியம் வேறொன்று. எனக்கு வெற்றி ஐந்தாவது முயற்சியில். நாலாவதில் சேஜ் புதருக்கு அடியில் முழங்கையால் ஊன்றித் தவழ்ந்தபோது தரையோடு தரையாகப் படர்ந்திருந்த சப்பாத்திக்கள்ளியில் கையை வைத்துவிட்டேன். ஊசி போன்ற முட்களைப் பல்லால் பிடுங்கிக்கொண்டிருந்தபோது கூட்டத்தின் தலைமைப் பெண் என்னைப் பார்த்துவிட்டது. பின்புற வெள்ளை மயிர் மொத்தமும் சிலிர்த்து விரிய, இருபது மான்களும் அடுத்த மேட்டுக்கு அப்பால் போய்விட்டன. முட்டிக்காப்பும் தடித்த கையுறையும் எடுத்துப் போங்கள்.

விலையைப் பாருங்கள். ஆணுக்கான சாதாரண டேக் 326 டாலர். அதே டேக்குக்குச் சிறப்புக் கட்டணப் பிரிவு என்று ஒன்று உண்டு. அதில் 1,200 டாலர்; போட்டி குறைவு என்பதற்காகக் கட்டுகிற பணம். பெண்ணுக்கும் குட்டிக்குமான டேக் 34 டாலர். எழுத்துப் பிழை இல்லை, முப்பத்து நாலுதான். விண்ணப்பக் கட்டணமும் காட்டுயிர்ப் பாதுகாப்பு முத்திரையும் தனி. சராசரி வருஷத்தில் வயோமிங் புரோங்ஹார்ன் வேட்டைக்காரர் பத்துப் பேரில் எட்டுப் பேருக்குக் குறையாமல் வெற்றி பெறுகிறார்கள். உடல் எடை நாற்பது நாற்பத்தைந்து கிலோதான். ஒரே ஆள் ஒரே நடையில் கறியைக் கொண்டுவந்துவிடலாம்.

குறை இல்லாமல் இல்லை. 2022-23 குளிர்காலம் தென்மேற்கு வயோமிங்கின் கூட்டங்களை வாரிக்கொண்டு போனது. டேக்குகளை வெகுவாகக் குறைத்தார்கள். முன்பு சுலபமாகக் கிடைத்த ஆண் டேக்குக்கு இப்போது பல யூனிட்டுகளில் பாயின்ட் வேண்டியிருக்கிறது. 34 டாலர் டேக் மலிவாக இருப்பதற்கும் ஒரு காரணம் உண்டு: பெண் டேக் தாராளமாகக் கிடைக்கும் யூனிட்டுகளில் பல, தனியார் பண்ணைகள் நிறைந்தவை. டேக் கையில் இருக்கும், கால் வைக்க இடம் இருக்காது. பொதுநிலம் குறைவான யூனிட் எது என்று துறையின் விண்ணப்ப ஆவணத்திலேயே குறித்திருப்பார்கள். அதைப் படிக்காமல் பணம் கட்டிவிட்டு, அப்புறம் பண்ணைக்காரர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டு அனுமதி கெஞ்சிய வருஷமும் எனக்கு உண்டு. ஒருவர் நூறு டாலருக்கு ஒத்துக்கொண்டார். மற்றவர்கள் மரியாதையாக மறுத்தார்கள்.

நிலம் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வரைபடத்தைப் பார்த்து ஏமாறுவது இதில்தான். தெற்கு வயோமிங்கின் வரைபடத்தை ஆன்எக்ஸ் என்ற நில உரிமை காட்டும் செயலியில் திறந்தால் சதுரங்கப் பலகை மாதிரி இருக்கும். 1862 ரயில் சட்டத்தில் தண்டவாளத்தின் இருபுறமும் ஒன்று விட்டு ஒன்றாகச் சதுர மைல்களை ரயில் கம்பெனிக்குக் கொடுத்ததன் மிச்சம் அது. ஒரு பொதுச் சதுரத்திலிருந்து அடுத்ததற்கு மந்திரி நகர்வதுபோல் மூலை வழியாகத்தான் போகமுடியும். அந்த மூலையைத் தாண்டும் கணத்தில் உடம்பு தனியார் நிலத்தின் வான்வெளியில் இருக்கிறதே, அது அத்துமீறலா? மிசௌரியிலிருந்து வந்த நான்கு வேட்டைக்காரர்கள் 2021இல் எல்க் மவுன்டன் பக்கம் ஒரு மூலையின் மேல் ஏணியை வைத்து ஏறி இறங்கினார்கள்; பண்ணைத் தரப்பு வழக்குப் போட்டது. 2025 மார்ச்சில் பத்தாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் வேட்டைக்காரர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை விசாரிக்க மறுத்துவிட்டது. ஆக, அந்த வட்டத்துக்குள் வரும் வயோமிங், கொலராடோ, யூட்டா, நியூ மெக்சிகோவில் தனியார் மண்ணைத் தொடாமல் மூலை தாண்டலாம். மொன்டானா வேறு வட்டத்தில் இருக்கிறது. இந்தத் தீர்ப்பு அங்கே செல்லாது.

வயோமிங்கில் எல்க்குக்கு ஆசைப்படுகிறவர்களுக்கு இன்னொரு தடை. சட்டப்படி வில்டர்னஸ் (கைபடாத காட்டுப் பகுதி) என்று ஒதுக்கிய பகுதிகளில் வெளிமாநிலத்தவர் உரிமம் பெற்ற வழிகாட்டியோ உள்ளூர்வாசியோ கூட இல்லாமல் பெருவிலங்கு வேட்டையாடக் கூடாது. நடந்து போகலாம், மீன் பிடிக்கலாம், துப்பாக்கியோடு மானைத் தேடக் கூடாது. பாதுகாப்புக்காக என்கிறார்கள். வழிகாட்டித் தொழிலின் பாதுகாப்புக்காக என்று நான் நினைக்கிறேன். யூனிட் தேர்ந்தெடுக்கும்போது அந்தப் பகுதிகளைக் கழித்துவிட்டுப் பாருங்கள்.

மொன்டானா எனக்குப் பிடித்த மாநிலம், ஆனால் முதல் பயணத்துக்கு இல்லை. எல்க்கும் மானும் சேர்ந்த கூட்டு உரிமம் 1,300 டாலரைத் தொடுகிறது. வெளிமாநிலத்தவருக்கு 17,000 என்று சட்டமே வரம்பு கட்டியிருக்கிறது; விண்ணப்பம் ஏப்ரல் 1க்குள். கொடுக்கிற காசுக்கு ஐந்து வாரம் நீளும் ரைஃபிள் சீசன், அதற்கு முன் ஆறு வார வில் சீசன். பிளாக் மேனேஜ்மென்ட் என்ற திட்டத்தில் அரசு பணம் கொடுத்துத் திறந்துவைத்திருக்கும் தனியார் நிலமே பல லட்சம் ஏக்கர். பத்து நாள் லீவு எடுக்க முடிந்தவருக்கு இது தங்கச் சுரங்கம். ஐந்து நாள்தான் லீவு என்றால் அந்த நீளமான சீசனுக்கு நீங்கள் சும்மா காசு கட்டுகிறீர்கள்.

ஐடஹோ வெகுகாலம் கொலராடோவுக்கு மாற்றாக இருந்தது. டிசம்பர் முதல் தேதி இணையத்தில் காத்திருந்து, தட்கல் டிக்கெட் எடுக்கிற படபடப்போடு டேக் பிடிப்பார்கள். 2026 பருவம் முதல் வெளிமாநிலத்தவரின் பொது மான், எல்க் டேக்குகளும் குலுக்கலுக்குப் போய்விட்டன. உரிமமும் எல்க் டேக்குமாக 840 டாலர் வாக்கில் ஆகும். பாயின்ட் இல்லாததால் புதியவருக்கும் சம வாய்ப்பு. எழுதிப் போடுங்கள், விழுந்தால் போகலாம். அதை நம்பி லீவு கேட்காதீர்கள்.

நியூ மெக்சிகோவில் டேக்குகளில் 84 சதவீதம் உள்ளூர்வாசிகளுக்கு, 10 சதவீதம் அவுட்ஃபிட்டரோடு (வழிகாட்டி நிறுவனம்) ஒப்பந்தம் போட்டவர்களுக்கு, நம்மைப்போல் தானாகப் போகிறவர்களில் வெளிமாநிலத்தவருக்கு 6 சதவீதம். அரிசோனாவில் வெளிமாநிலத்தவருக்கு அதிகபட்சம் 10 சதவீதம். இவை லாட்டரி. லாட்டரி என்று தெரிந்து வாங்குவதில் தவறில்லை.

வழிகாட்டியோடு போவதா என்றும் கேட்பார்கள். எல்க்குக்கு ஒரு வாரம் என்றால் ஐந்து இலக்கத்தை எட்டிவிடும். அந்தப் பணத்தில் புரோங்ஹார்னுக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை போய் வரலாம். என் வயோமிங் முதல் பயணத்தில் டேக், பெட்ரோல், மோட்டல், ஐஸ் எல்லாம் சேர்த்து ஆளுக்கு 700 டாலருக்குள் முடிந்தது. மூன்று பேர், ஒரே வண்டி, டல்லாஸிலிருந்து ஆயிரம் மைலுக்கு மேல். முட்டி ஒத்துழைக்காதவர், அல்லது வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் என்று முடிவெடுத்தவர் வழிகாட்டியை வைத்துக்கொள்வது நியாயம்.

நம்மவர்களுக்கு மட்டும் ஒரு விஷயம். எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை மத்திய சட்டம் தடுக்கிறது. ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் அந்தத் தடைக்கு விலக்கு உண்டு. உரிமம் காலாவதியான மறுநாள் விலக்கும் போய்விடும். நண்பரின் துப்பாக்கியைக் கையில் வாங்கிப் பார்ப்பதும் வைத்திருப்பதாகவே கணக்கு. கிரீன் கார்டு வந்தவருக்கு இந்தச் சிக்கல் இல்லை. விசாவில் இருந்தால் பயணத்துக்கு முன் ஒரு குடியேற்ற வக்கீலிடம் பேசுங்கள். ஐந்நூறு டாலரைச் சேமிக்க வேண்டிய இடம் இதுவல்ல. வேட்டைக் கல்விச் சான்றிதழும் முன்பே முடித்திருக்கவேண்டும். கொலராடோவில் 1949 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த எவருக்கும் அது கட்டாயம். ஒரு மாநிலத்தில் படித்ததை மற்றவை ஏற்றுக்கொள்ளும்.

கறி பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் புரோங்ஹார்ன் கறி நாறும் என்று ஒரு பேச்சு உண்டு. செப்டம்பர் வெயிலில் தோலோடு வண்டியின் பின்புறம் போட்டு ஊருக்குள் நாலு மணி நேரம் காட்டிக்கொண்டு சுற்றினால் எந்தக் கறியும் நாறும். நாங்கள் முந்தைய நாளே தண்ணீர் பாட்டில்களை உறையவைத்து இரண்டு பெரிய ஐஸ் பெட்டிகளை நிரப்பிவிடுவோம். சுட்ட அரை மணி நேரத்தில் தோல் உரிந்துவிடும், ஒரு மணி நேரத்தில் கறி ஐஸில் இருக்கும். வெள்ளாட்டுக் கறிக்கும் அதற்கும் மிளகு வறுவலில் வித்தியாசம் சொல்ல முடியாது. தொடையில் மிஞ்சியதை என் மாமியார் மஞ்சளும் உப்பும் தடவி உப்புக்கண்டம் போட்டுவிட்டார், டல்லாஸ் வெயிலுக்கு மூன்றே நாள். மானோ எல்க்கோ சுட்டால் மூளையையும் முதுகெலும்பையும் அங்கேயே முறைப்படி விட்டுவிட்டு வாருங்கள். சி.டபிள்யூ.டி. என்ற நரம்பு நோய் பரவாமலிருக்க, அவற்றை எல்லை தாண்டிக் கொண்டுவரப் பல மாநிலங்கள் தடை போட்டிருக்கின்றன.

ஆக, நான் சொல்லும் அட்டவணை இது. வயோமிங்கின் வெளிமாநில எல்க் விண்ணப்பம் ஜனவரி தொடக்கத்தில் திறந்து பிப்ரவரி தொடக்கத்தில் மூடும். முதல் வருஷம் அதைக் கடந்து போகட்டும். புரோங்ஹார்ன் விண்ணப்பத்தை ஜூன் தொடக்கத்துக்குள் போடுங்கள்: முதல் விருப்பமாக ஓரளவு பொதுநிலம் உள்ள யூனிட்டில் ஆண், கூடவே தனியாக ஒரு பெண் டேக். இரண்டும் விழாவிட்டால் ஜூலையில் மீதமான டேக்குகள் விற்பனைக்கு வரும். ஜூலை 1 முதல் அக்டோபர் கடைசிவரை பாயின்ட் வாங்கலாம். எல்க்குக்கு 52 டாலர், மானுக்கு 41, புரோங்ஹார்னுக்கு 31. எல்க் பாயின்ட்டை மட்டுமாவது வாங்குங்கள். மூன்றாவது வருஷம் மூன்று பேராகச் சேர்ந்து எல்க்குக்கு எழுதிப் போடுங்கள், அல்லது கொலராடோவின் இரண்டாவது சீசனுக்குப் புறப்படுங்கள். அதற்குள் கத்தி பிடிக்கவும் காற்று பார்க்கவும் பழகியிருக்கும்.

போன டிசம்பரில் இதே கேள்வியோடு அழைத்த ஒரு தம்பி, எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிண்ணா, புரோங்ஹார்ன்தான்" என்றான். மார்ச்சில் கொலராடோவுக்கு ஆறு பேருக்குக் கேபின் பதிவு செய்திருப்பதாகக் குறுஞ்செய்தி அனுப்பினான். முதுகுப்பை எத்தனை லிட்டர் வேண்டும் என்று கேட்டிருந்தான். எண்பது என்று எழுதினேன்.